மென்பொருள் பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு லேத்துக்காரனின் மடல்

பயிற்சி மையம் நடத்தும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 35. டிப்ளமோ மெக்கானிக்கல். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பதிமூன்று வருடமாக சி.என்.சி. டர்னிங் மெஷினோடு, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்தோடு, இருக்கிறேன். முதல் நான்கு வருடம் ஓட்டினேன். பிறகு புரோகிராம் போட்டு, செட்டிங்கும் பார்த்து ஆட்களிடம் கொடுக்கிறேன். கோடிங் பக்கம் போய்விடலாமா என்ற யோசனை இரண்டு வருடமாக மண்டையில் ஓடுகிறது. அந்த இரண்டு வருடத்தில் உங்களில் மூன்று பேருடைய வாசலுக்கு வந்திருக்கிறேன், ஒருவரிடம் பணமும் கட்டியிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

காந்திபுரத்தில் ஒரு மூன்றாவது மாடி. படி ஏறும்போதே சுவர் முழுக்க முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு கம்பெனி லோகோ, ஒரு சம்பளத் தொகை. கவுன்சலிங் என்று உட்கார வைத்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். "மெக்கானிக்கலாங்கண்ணா? ஒண்ணும் பயப்படாதீங்க. கோடிங்னா என்னன்னே தெரியாம வந்தவங்கதான் இங்க பாதிப் பேரு" என்றாள். நான் தினமும் புரோகிராம் எழுதுகிறவன்தான் அம்மிணி, மெஷினுக்குக் கட்டளை சொல்லும் ஜி-கோடு என்றேன். "அது கோடிங் இல்லீங்கண்ணா" என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மெஷினை நடத்தும் ஃபனுக் கன்ட்ரோலில், டூல் எந்த விட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், எக்ஸ்50 என்று அடித்துவிட்டுப் புள்ளி வைக்க மறந்தேன். எங்கள் மெஷின் செட்டிங்கில் புள்ளி இல்லாத ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர் என்று அர்த்தமில்லை, ஐம்பது மைக்ரான், ஆயிரத்தில் ஒரு பங்கு. டூல் முழு வேகத்தில் நடு மையத்தைப் பார்த்துப் போய், சுழன்றுகொண்டிருந்த இரும்பு ஜாப்பில் மோதியது. வெட்டும் முனையான இன்சர்ட் தெறித்தது, அதைப் பிடிக்கும் ஹோல்டர் வளைந்தது, டூல்களைத் தாங்கும் டரட்டின் அலைன்மென்ட் போனது, மெஷின் இரண்டு நாள் நின்றது. ஓனர் திட்டவில்லை. இரண்டு நாளும் பேசவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து புது புரோகிராம் என்றால் சிங்கிள் பிளாக்கில் போட்டு, வேகத்தைக் குறைக்கும் ஃபீட் நாபில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத்தான் விடுவேன். ஒரு புள்ளிக்கு என்ன விலை என்று தெரிந்தவனை "கோடிங்னா என்னன்னே தெரியாதவன்" கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். சேர்க்கைப் படிவத்தில் கேட்டதெல்லாம் பெயர், போன் நம்பர், தேர்ச்சி பெற்ற வருடம், மாதச் சம்பளம். சம்பளம் எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. கடன் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க.

கட்டணம் 85,000. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 15,300. ஆக ஒரு லட்சத்து முந்நூறு ரூபாய். 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று ஒரு தாளை நீட்டினார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பணம் மொத்தமும் அன்றே உங்கள் கணக்குக்கு வந்துவிடும், கடன் மட்டும் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் நிற்கும். மூன்றாவது வாரமே எனக்கு இது ஒத்துவராது என்று தெரிந்தாலும் பன்னிரண்டு மாதம் தவணை போக வேண்டும். நிறுத்தினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும். நான் கையெழுத்துப் போடவில்லை. வேறோர் இடத்தில் வார இறுதி பேட்ச்சுக்கு முதல் தவணையாக 15,000 ரொக்கம் கட்டினேன்.

ஏழு வாரம் போனேன். நான்காவது வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பைத்தான் என்ற கோடிங் மொழியில் எண்களைக் கூட்டுவது பற்றிய பாடம். ஷாப் ஞாபகத்தில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளின் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 0.1 தகடும் 0.2 தகடும் சேர்ந்தால் 0.3 இடைவெளி, எங்கள் ஹெல்ப்பர் பையனுக்குக்கூடத் தெரியும். 0.1 + 0.2 == 0.3 என்று அடித்து, இரண்டும் சமமா என்று கேட்டேன். ஃபால்ஸ், இல்லை, என்றது. கூட்டலை மட்டும் தனியாகப் போட்டேன். 0.30000000000000004 என்று வந்தது. கையைத் தூக்கினேன். சொல்லிக்கொடுத்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "பைத்தான்ல அப்படித்தாங்க வரும். இன்டர்வியூல இதெல்லாம் கேக்க மாட்டாங்க, அடுத்ததுக்குப் போலாங்களா?" என்றார்.

அன்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதையே தேடிப் படித்தேன். மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் எண்ணுவதால் அதற்கு 0.1 அப்படி முடியாத எண்ணாம். எங்கேயோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். எப்படி வெட்டுவது என்பதற்கு 1985-லேயே ஐ.இ.இ.இ. 754 என்று தரம் வகுத்துவிட்டார்கள். பைத்தான் மட்டுமில்லை, அந்தத் தரப்படி எண்ணும் மொழி எல்லாமே இப்படித்தான். அதனால் இந்த மாதிரி எண்களைச் சமமா என்று கேட்கக் கூடாது, கிட்டத்தட்ட சமமா என்று கேட்க வேண்டும், அதற்கென்றே மேத்.ஈஸ்குளோஸ் என்று ஒன்று இருக்கிறது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாலரன்ஸ்! பதிமூன்று வருடமாக நான் செய்வதே அதைத்தான். டிராயிங்கில் 25 என்று இருந்தால் அது மொட்டை 25 இல்லை, பிளஸ் எவ்வளவு மைனஸ் எவ்வளவு போகலாம் என்று பக்கத்திலோ தாளின் ஓரத்திலோ போட்டிருக்கும். உங்கள் வகுப்பில் அன்று இருந்தவர்களில் இந்த விஷயம் சட்டென்று புரியக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான் இருந்திருப்பேன். அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது அந்த ராத்திரிதான். நூறு தடவை தப்பாக ஓடவிட்டும் ஒரு இன்சர்ட்கூட உடையவில்லை. அதே வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.காம். படித்த தங்கைக்கு நான்காவது வாரத்திலேயே முகம் வாடிவிட்டது. சிவப்பு எழுத்தில் எரர் வந்தாலே மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிடும். அதற்கு மூளை இல்லாமலில்லை, மனக்கணக்கில் என்னைத் தோற்கடிக்கும். இந்த வேலை அதற்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆசிரியருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. இரண்டாவது தவணை வாங்க வேண்டியிருந்ததே.

என் வீட்டுக்காரி இந்தப் பேச்சு எடுத்தபோது ஒன்றுதான் சொன்னாள். "போறதுன்னா போங்க. போயிட்டு, பிடிக்கலைன்னு வந்து நிக்காதீங்க." எனக்குத் தெரியாததும் அதுதான். சம்பளம் எவ்வளவு, எந்த மொழி படிக்கலாம், எத்தனை மாதம் என்பதற்கெல்லாம் பதில் உங்களிடம் வண்ணத்தாளில் இருக்கிறது. ஒரு எரரோடு மூன்று மணி நேரம் உட்கார என்னால் ஆகுமா, ஆனாலும் அதையே இருபது வருடம் செய்ய மனசு வருமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்கள் வாசலுக்கு வந்தேன். அதற்கு உங்களிடம் படிவம் இல்லை.

எங்கள் ஷாப்பில் வி.எம்.சி. என்கிற மில்லிங் மெஷின் ஓட்டிய தம்பி ஒருவன் வேலையை விட்டுவிட்டு, கடன் போட்டு, ஆறு மாதம் ஃபுல் ஸ்டாக் என்ற கோடிங் கோர்ஸ் படித்தான். பன்னிரண்டு இன்டர்வியூ. எல்லா இடத்திலும் "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்ற கேள்வி. கடைசியில் வேலை கிடைத்தது. படித்த மையத்திலேயே, புதிதாக வருகிறவர்களுக்குப் போன் போட்டு கோர்ஸ் விற்கும் வேலை. அவன் படமும் சுவரில் ஏறியது. பிளேஸ்மென்ட் கணக்கில் ஒன்று கூடியது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு நெறிமுறை போட்டது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வேலை உறுதி என்று பொய்யாக அளக்கக் கூடாது, தேறியவர் படத்தை அவர் எழுத்தில் சம்மதம் தராமல் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. அந்தச் சுவரில் எத்தனை பேர் கோடிங் வேலையில் இருக்கிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்ற இரண்டு எண்ணையும் சம்பளத் தொகை போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்கிறேன்.

காலமும் முன்பு மாதிரி இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து நீங்கள் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை வகுப்பில் பாதிப் பேர் அதில் ஒட்டி விடை எடுத்துத்தான் கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் வந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள். வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்களே கையைப் பிசையும் நேரத்தில் 35 வயது ஃபிரெஷரை "ஆறே மாதத்தில் ஐ.டி.காரர்" என்று கூப்பிடுவது நியாயமா? இதே தொழிலை வேறு மாதிரியும் செய்ய முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பில்லை. முதலில் நான்கு வாரப் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டிப் படித்து, வாராவாரம் வேலை செய்து கொடுத்து, தகுதித் தேர்வில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். தேறாதவருக்குப் போவது நான்கு வாரமும் அந்தக் கட்டணமும்தான். தலையில் கடன் ஏறுவதில்லை.

நான் வேலையை விடவில்லை. எங்கள் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எக்செல்லிலிருந்து எடுத்து, டாலரன்ஸுக்கு வெளியே போன அளவை மட்டும் சிவப்பில் காட்டுகிற மாதிரி பைத்தானில் ஒன்று எழுதினேன். அறுபது எழுபது வரிதான். முதல் வாரம் கடைசிப் பீஸை மட்டும் விட்டுவிட்டு எண்ணியது. பைத்தானில் ரேஞ்ச் போட்டு எண்ணச் சொன்னால் முடிவு எண்ணுக்கு ஒன்று முன்னாலேயே நின்றுவிடும் என்பது மறந்துபோயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசும் போனது. சாப்பாடு ஆறிப்போனது தெரியவில்லை. தெரியாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை வையுங்கள். விளம்பரப் பேச்சு வேண்டாம், டெமோ கிளாஸும் வேண்டாம். யாரோ எழுதி, எங்கேயோ உடைந்து கிடக்கும் இருநூறு வரி புரோகிராமை எங்கள் முன்னால் வைத்துவிட்டு நான்கு மணி நேரம் தனியாக விடுங்கள். தேடிப் படிக்கலாம், பக்கத்து ஆளிடம் கேட்கலாம். முடிந்ததும் உங்கள் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, "உங்களுக்கு இது வரும்" அல்லது "இருக்கிற வேலையிலேயே இருங்கண்ணா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். இலவசமாகக் கேட்கவில்லை. 500 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யோடு 590. எனக்கு முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும், மூன்று மணிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
குறிச்சியிலிருந்து ஒரு சி.என்.சி. செட்டர்