டேலி கணினியும் 3389-ஆம் போர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு அலுவலகங்களின் கணினிப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள் என்பதோடு நின்றுவிட்டது. பெங்களூரில் சிக்பேட்டைக் கடைகளிலும் பீன்யா பட்டறைகளிலும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7 கணினிகளுக்கு அது போதாது. ஆடிட்டர் வீட்டிலிருந்தே கணக்கு மென்பொருளான டேலியைப் பார்க்கட்டும் என்று, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டு, ரவுட்டரில் அதற்கான வாசலான 3389-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சேவையில் உள்ள புளூகீப் என்ற ஓட்டை வழியே நுழைய பாஸ்வேர்டே வேண்டாம்.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்பதற்கு முன்பே, எந்தெந்தச் சேனல்கள் (தரவு போகும் தனித்தனிப் பாதைகள்) வேண்டும் என்று இரு கணினிகளும் பேசி முடிவு செய்கின்றன. எம்எஸ்_டி120 என்ற சேனலை விண்டோஸ் தன் உள்வேலைக்காக 31-ஆம் எண்ணில் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருபவர் அதே பெயரை வேறொரு எண்ணில் கேட்டாலும் பழைய விண்டோஸ் மறுப்பதில்லை. பிறகு அதை மூட வைத்தால் நினைவகத்தில் அந்த இடம் காலியாகிவிடும். 31-ஆம் எண்ணோ இன்னும் அதே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே தன் நிரலை நிரப்பத் தெரிந்தவருக்குக் விண்டோஸின் மையமான கெர்னலே வசமாகிவிடும். லாகின் வரை போகாததால், தவறான பாஸ்வேர்டு என்று விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒரு வரிகூட விழாது. குறி பிசகினால் நீலத்திரை வந்து கணினி ரீஸ்டார்ட் ஆகும். 2019 நவம்பரில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் சிலர் இந்த ஓட்டை வழியே ஏற்ற முயன்றது வெளியே தெரிந்ததும் அப்படி வந்த நீலத்திரைகளால்தான்.

மைக்ரோசாஃப்ட் 2019 மே 14 அன்றே திருத்தம் கொடுத்துவிட்டது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும்கூடக் கொடுத்தது. விண்டோஸ் 8, 10 இரண்டிலும் இந்த ஓட்டை இல்லை. ஆனாலும் திருத்தம் ஏறாத கணினிகள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 7-இல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். மூன்று நான்கு பேர் ஒன்றாக டேலியில் உட்கார, ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் டெர்ம்எஸ்ஆர்வி.டிஎல்எல் என்ற கோப்பை மாற்றி வைக்கிறார்கள். அப்டேட் வந்தால் அந்தக் கோப்பு பழையபடி ஆகி ஏற்பாடு கெட்டுவிடலாம் என்று அப்டேட்டையே நிறுத்தியும் விடுகிறார்கள். லைசென்ஸ் செலவை மிச்சப்படுத்த மொத்தக் கணக்குப் புத்தகத்தையும் பணயம் வைப்பது பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

வாசகர்கள் முதலில் கண்ட்ரோல் பேனலில் ஏற்கெனவே ஏறிய அப்டேட்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான திருத்தமான கேபி4499175 அல்லது கேபி4499164 இருந்தால் சரி. இரண்டும் இல்லாமல் பிந்தைய மாதத் தொகுப்பு ஏதாவது இருந்தாலும் போதும். ‘செக்யூரிட்டி ஒன்லி’ வகைக்கு இது பொருந்தாது, அதில் முந்தைய மாதத் திருத்தங்கள் சேர்ந்து வருவதில்லை. சர்வீஸ் பேக் 1 என்ற பழைய திருத்தத் தொகுப்பு இல்லாத கணினியில் எதுவும் ஏறாது. 2019 ஆகஸ்ட் முதல் வந்த தொகுப்பானால் முதலில் கேபி4474419 ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து ரவுட்டரில் 3389-க்கான போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு, ஆடிட்டருக்கு விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) கொடுங்கள். 3389-க்குப் பதில் 3390 என்று மாற்றிவைப்பதால் பயனில்லை. வலைவீசுபவர்கள் எல்லா எண்களையும்தான் தட்டிப் பார்க்கிறார்கள். எடுத்தபின் அலுவலக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலிருந்து இணைத்துப் பாருங்கள், இணையக் கூடாது. கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸில் ரிமோட் செட்டிங்ஸ் போய், மூன்றாவதாக உள்ள நெட்வொர்க் லெவல் ஆதன்டிகேஷனைத் தேர்ந்தெடுங்கள். இது இருந்தால் சேனல் பேச்சுக்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கப்படும். கட்டுரையாளர் சொன்ன நீளமான பாஸ்வேர்டு அப்போதுதான் உதவிக்கு வரும். பாஸ்வேர்டு தெரிந்தவரை இது தடுக்காது. அதனால் திருத்தத்துக்கு இது ஈடாகாது.

பீன்யாவில் இயந்திரத்தோடு வந்த மென்பொருள் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் இடங்கள் உண்டு. புதிதாக வாங்குங்கள் என்று அவர்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. எக்ஸ்பிக்கான கேபி4500331-ஐ ஏற்றி, அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அலுவலக நெட்வொர்க்கிலும் சேர்க்காமல் வையுங்கள். உள்ளே ஒரு கணினி மாட்டினாலும் அங்கிருந்து அடுத்ததற்குத் தாவும் வகை ஓட்டை இது.

காரணம் தெரியாத நீலத்திரை வந்தால் ரீஸ்டார்ட் செய்து வேலையைத் தொடராமல் லேன் வயரைப் பிடுங்குங்கள். ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு நிறுவனங்களுக்குச் சொல்கிறது.

— நெட்வொர்க் பராமரிப்பாளர், அல்சூர், பெங்களூரு