டிமாய்ன் போர் அடிக்குமா என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

நியூஜெர்சியிலோ டாலஸிலோ ப்ராஜெக்ட் முடியும் தறுவாயில் இருக்கிறது. அடுத்த ஆஃபர் அயோவா மாநிலத்து டிமாய்னில் வந்திருக்கிறது. உடனே யாரிடமோ என் நம்பரை வாங்கி, "அக்கா, அந்த ஊர் ரொம்பப் போர் அடிக்குமாமே?" என்று கேட்கிறீர்கள். வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பவர்கள் இன்னும் குறைவு. இந்தப் போர் விவகாரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே கடிதம்.

உங்களுக்குப் போர் அடிக்காது. காலையில் ஆபீஸ், ராத்திரி ஆஃப்ஷோர் கால், சனிக்கிழமை கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு குழந்தையின் பிறந்தநாள். இதற்கு நடுவில் போர் அடிக்க உங்களுக்கு நேரம் ஏது? போர் அடிக்கப் போவது உங்களை நம்பிப் பெட்டி கட்டும் மனைவிக்கு. அப்புறம், அடுத்த கோடையில் வந்து ஐந்து மாதம் தங்கப் போகும் அம்மா அப்பாவுக்கு. ஆகவே அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். நானும் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவி என்ற விசாவில், இங்கே வந்து இறங்கியவள்தான்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 2,14,133 பேர். வெஸ்ட் டிமாய்ன், வாக்கீ, ஆங்கெனி, ஜான்ஸ்டன் என்று சுற்றியிருக்கும் புறநகர்களையும் சேர்த்தால் ஏழு லட்சத்துக்குச் சற்று மேல். மாநிலத் தலைநகர் என்பதால் பொன் முலாம் மின்னும் குவிமாடத்தோடு ஒரு சட்டசபைக் கட்டடம் உண்டு. ஊரின் பிழைப்பு இன்ஷூரன்ஸ். 1879-இல் தொடங்கிய பிரின்சிபல் முதல் எத்தனையோ கம்பெனிகள். பாலிசி, கிளெய்ம், பிரீமியம் என்று ஓடும் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் ஆட்கள் வேண்டும், நம்மவர்கள் இங்கே வந்து சேர்ந்ததும் அப்படித்தான். காரில் சிகாகோ ஐந்து மணி நேரம், கான்சஸ் சிட்டி மூன்று, ஒமாஹா இரண்டு. ரயில் கிடையாது, ஆம்ட்ராக் பிடிக்கத் தெற்கே ஒசியோலா வரை போக வேண்டும். சென்னைக்குப் போக இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும். வயதான பெற்றோரைத் தனியாக வரவழைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் போரா இல்லையா என்பது கார் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பஸ் இருக்கிறது. ஆனால் அது டவுன்டவுனை நடுவில் வைத்து ஓடுகிற பஸ். புறநகரில் மூன்றாம் மாடி அபார்ட்மெண்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நடக்கலாமென்றால் நடைபாதை அருமையாகப் போட்டிருக்கிறார்கள், நடந்து போய்ச் சேர்வதற்குத்தான் ஓர் இடம் இல்லை. அகலமான ரோடு, அதைத் தாண்டினால் பார்க்கிங், அதையும் தாண்டினால் ஒரு பெரிய கடை. ஜனவரியில் அதுவும் கிடையாது. காற்றோடு சேர்ந்து வரும் குளிரில் கண்ணில் வரும் நீர் இமையிலேயே உறையும்.

வீட்டில் இருக்கும் ஒரே காரை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் வரை அவளுக்கு ஜன்னல்தான் துணை. வேலைக்குப் போகலாமே என்பீர்கள். எச்-4-இல் இருப்பவர்களுக்கு வேலை அனுமதி என்பதே 2015 மே மாதத்திலிருந்துதான் வந்தது. அதுவும் பெரும்பாலும் உங்கள் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்ற மனு பாஸ் ஆகியிருந்தால்தான். எம்.சி.ஏ. படித்து, சோழிங்கநல்லூரில் பத்துப் பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் வந்து, "ஊர் அமைதியா இருக்கு, குழந்தைகளுக்கு நல்லது" என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? இன்னும் குழந்தையே பிறந்திருக்காது.

இதை டிமாய்னின் குறை என்று பேசுபவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. அதே பெண் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருந்தால் என்ன ஆகும்? அதே அபார்ட்மெண்ட், அதே அகல ரோடு, அதே பார்க்கிங். கூடுதலாகத் தோசைக் கடை நிறைய இருக்கும், தமிழ்ப் படங்கள் தவறாமல் வரும். அங்கேயும் கார் சாவி இல்லாமல் தோசை கிடைக்காது. நியூஜெர்சியில் எடிசன் மட்டும் வேறு கதை. நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டால் நடந்தே போய்க் கறிவேப்பிலை வாங்கலாம், நாலு பேரிடம் நின்று பேசலாம். அந்த ஒரு தெருவுக்காக நியூஜெர்சி வாடகை கொடுக்கத் தயாரென்றால் தாராளமாக அங்கேயே இருங்கள். நான் தடுக்கவில்லை.

இங்கே இன்னொரு ரகம் உண்டு. "வீக்எண்டுக்குச் சிகாகோ போய்விடலாம்" ரகம். டெவான் அவென்யூவில் ஒரு சாப்பாடு, கோயிலில் ஓர் அர்ச்சனை, போக வர பத்து மணி நேரம் ஐ-80 நெடுஞ்சாலை. திங்கட்கிழமை காலையில் சிவந்த கண்ணோடு, "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல" என்பார்கள். கிராண்ட் அவென்யூவில் இருக்கும் ஆர்ட் சென்டருக்கு ஒரு தடவை போயிருக்கிறீர்களா என்று கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

அந்த ஆர்ட் சென்டருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் கட்டடம் 1948-இல் எலியல் சாரினென் கட்டியது, 1968-இல் ஐ. எம். பெய் ஒரு பகுதி சேர்த்தார், 1985-இல் ரிச்சர்ட் மையர் இன்னொன்று. கட்டடக் கலை படிக்கிறவர்கள் நாடு நாடாகப் போய்ப் பார்க்கும் மூன்று பேருடைய வேலை ஒரே வளாகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1927-இல் வரைந்த 'ஆட்டோமேட்' என்ற ஓவியம் இருக்கிறது. அது காட்சியில் இருக்கும் நாளாகக் கேட்டுக்கொண்டு போங்கள். ராத்திரி நேரம், ஒரு பெண் தனியாக வட்ட மேசை முன்னால் உட்கார்ந்து காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் கையுறை இருக்கிறது, இன்னொரு கையில் கழற்றியிருக்கிறாள். பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் தெரு தெரியவில்லை. அறைக்குள் எரியும் விளக்குகளின் பிம்பம் மட்டும் இரண்டு வரிசையாக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த பெண்களை அங்கே அழைத்துப்போனால் அந்தப் படத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்கிறார்கள். கணவன்மார்கள் அதற்குள் பார்க்கிங்குக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள்.

பெற்றோர் விஷயம் தனி. என் மாமனார் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. ஆகஸ்டில் பதினோரு நாள் நடக்கும் ஸ்டேட் ஃபேருக்கு அவரை அழைத்துப்போனோம். பத்து லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் திருவிழா அது. 1911-லிருந்து வருடா வருடம் அங்கே வெண்ணெயில் ஒரு முழுப் பசுவைச் செய்து குளிர்பெட்டிக்குள் நிறுத்துகிறார்கள். சுமார் 600 பவுண்டு வெண்ணெய். மாமனார் அதை ஒரு நிமிடம் பார்த்தார், "கொழுப்பு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நிஜ மாடுகள் இருக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சோள விவசாயியோடு ஆளுக்கொரு பாஷையில் அரை மணி நேரம் பேச்சு. கடன், மழை, விலை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவருக்கு இந்த ஊர் போரே இல்லை. ஆற்றங்கரையில் பழைய நூலகக் கட்டடத்தில் உலக உணவுப் பரிசு அறக்கட்டளை இருக்கிறது. இந்த மாநிலத்தில் பிறந்த, பசுமைப் புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும் நார்மன் போர்லாக் ஏற்படுத்திய பரிசு. 1987-இல் அதை முதன்முதலில் வாங்கியவர் நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன். அந்தப் பணத்தில்தான் சென்னையில் அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. இதைச் சொன்னதும் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாற்றச் சொல்லி பேண்ட் போட வைக்கப் பெரும்பாடு.

மாமியாருக்கு இதெல்லாம் போதாது. அவருக்கு ஜனம் வேண்டும், பேச்சு வேண்டும். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலையில் கோர்ட் அவென்யூவில் கூடும் உழவர் சந்தை கொஞ்சம் உதவியது. அதைவிட உதவியது பெக்கர்ஸ் நைட். மற்ற ஊர்களில் ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் வாங்குகிறார்கள் இல்லையா, இங்கே அதை வெகுகாலமாக முந்தின இரவு, அக்டோபர் 30-இல் வைத்திருந்தார்கள். இந்த ஊர் வழக்கம் என்னவென்றால், மிட்டாய் சும்மா கிடைக்காது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். டைனோசர் உடுப்பில் ஒரு வாண்டு வந்து, "எலும்புக்கூடு ஏன் பார்ட்டிக்குப் போகல? கூடப் போக பாடி இல்ல!" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். 'பாடி' அவருக்கும் புரிந்துவிட்டது. அன்றைக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு இரண்டாக அள்ளிக் கொடுத்து, எட்டு மணிக்கெல்லாம் மிட்டாய் தீர்ந்து, கடலை மிட்டாயை எடுக்கப்போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அலர்ஜி கிலர்ஜி என்று வந்தால் யார் பதில் சொல்வது?

கோயில் வேண்டுமென்றால் வடமேற்கே மேட்ரிட் என்ற சிற்றூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டிமாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே பழைய ரயில் பாதையில் கட்டிய ஹை ட்ரெஸில் பாலம் இருக்கிறது. அரை மைல் நீளம், பதின்மூன்று மாடி உயரம், 2011-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டது. இருட்டியதும் இரும்புச் சட்டங்கள் நீலமாக எரியும். கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை மறக்க வேண்டாம்.

அரசியல் பிடித்தவர்களுக்கு இது விருந்து. 1972-லிருந்து பல தேர்தல்களில், கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பந்தயத்தின் முதல் சுற்று அயோவாவில்தான் நடந்தது. ஜனநாயகக் கட்சி 2024-இல் அந்த முதலிடத்தைப் பறித்துக்கொண்டது. குடியரசுக் கட்சி இன்னும் விடவில்லை. நமக்கு ஓட்டு இல்லை, வேடிக்கை பார்க்க ஓட்டு எதற்கு? தண்ணீர்ச் சண்டையும் உண்டு. மேலே வயல்களில் போடும் உரத்தின் நைட்ரேட் ஆற்றில் கலந்து நகரத்துக் குழாய்க்கு வருகிறது. அதை வடிகட்டவே தனி ஆலை வைத்திருக்கிறார்கள். 2015-இல் நகரத்துக் குடிநீர் நிர்வாகம் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மேல் வழக்குப் போட்டது. 2017-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. 2025 ஜூனில் நைட்ரேட் ஏறியதால் புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை. ஊர் நாடித்துடிப்பு தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிடுவார்.

குறையையும் சொல்கிறேன். டவுன்டவுனில் கட்டடத்துக்குக் கட்டடம் மாடியிலேயே நடந்து போக, ஸ்கைவாக் என்று சுமார் நான்கு மைலுக்குக் கண்ணாடிப் பாதை போட்டிருக்கிறார்கள். குளிருக்கு இதம்தான். ஆனால் ஆட்கள் எல்லோரும் மேலேயே நடப்பதால் கீழே தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆபீஸ் விட்டதும் மேலேயும் ஆள் இல்லை. நல்ல கச்சேரி அபூர்வம். இட்லி வீட்டில்தான்.

ஆகவே ஆஃபருக்குச் சரி சொல்வதற்கு முன்னால் இவற்றைச் செய்யுங்கள். இரண்டாவது கார் வாங்கப் பணம் ஒதுக்குங்கள், பழைய கொரோலா போதும். வந்த உடனே மனைவியின் டிரைவிங் லைசென்ஸுக்கு ஏற்பாடு செய்யுங்கள், சொல்லிக்கொடுக்கும்போது கத்தாதீர்கள். புது அபார்ட்மெண்ட், ஜிம், நீச்சல் குளம் என்று தேடிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போகாமல், இங்கர்சால் அவென்யூ பக்கம் ஒரு பழைய வீட்டையாவது பாருங்கள். அங்கே கடைகளுக்கு நடந்தே போகலாம், பஸ்ஸும் வரும். ஐ-140 எப்போது போடுவார்கள் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலை மனைவியிடம் காட்டி, வரலாமா என்று அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க பேசிப் பாருங்க" என்று நிற்காதீர்கள். நான் அவள் பக்கம்தான்.

வருவதாக இருந்தால், குளிர்கோட்டை டாலஸில் வாங்காதீர்கள். அங்கே விற்பது இங்கே அக்டோபருக்குக்கூடத் தாங்காது. வந்த பிறகு வாங்கலாம், நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
வெஸ்ட் டிமாய்னிலிருந்து உங்கள் அக்கா