ஜான் மெக்வீ சாருக்கு ஒரு கடிதம்: 'ரூமர்ஸ்'ல பதில் பாட்டு எழுதாத ஒரே ஆள் நீங்கதான்

அன்புள்ள ஜான் சார்,

வணக்கம். இந்த லெட்டர் உங்க கைக்கு வரப் போறதில்ல, வந்தாலும் தமிழ்ல இருக்கு, அதனால கொஞ்சம் உரிமையாவே எழுதறேன்.

உங்க ராக் பேண்டு ஃப்ளீட்வுட் மேக்கோட 'ரூமர்ஸ்' ஆல்பம் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் கடைசில அதே பேண்டுல பாடின, அப்போ பிரிஞ்ச ஜோடி ஸ்டீவி நிக்ஸ், லிண்ட்சி பக்கிங்ஹாம் சண்டையிலதான் போய் நிக்குது. லிண்ட்சி 'கோ யுவர் ஓன் வே'ல குத்தினாரு, ஸ்டீவி 'ட்ரீம்ஸ்'ல திருப்பிக் குடுத்தாங்க, சரி. இன்னொரு பக்கம் உங்க மிஸஸ், பேண்டுல கீபோர்டு வாசிச்சுப் பாடின கிறிஸ்டீன், 1968ல கல்யாணம் பண்ணி எட்டு வருஷம் கூட இருந்தவங்க, பிரிஞ்ச கையோட அவங்களும் பாட்டா எழுதித் தள்ளறாங்க. ரெண்டு ஜோடி, நாலு பேர், மூணு பேருக்குச் சொல்றதுக்குப் பாட்டு இருந்துச்சு. நீங்க மட்டும் பேஸ் கிட்டாரை மாட்டிக்கிட்டு ஓரமா நின்னீங்க. எனக்கு இந்த ஆல்பத்துல பிடிச்ச ஆளே அந்த ஓரத்துல நிக்கிற ஆள்தான்.

1976 பிப்ரவரி, கலிஃபோர்னியால சாஸலீட்டோ ஊர்ல ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோ. ஜன்னலே இல்லாத மரக் கட்டடம், வெளிய பகலா ராத்திரியான்னே தெரியாது, உள்ள என்னென்ன ஓடுச்சுன்னு ஊருக்கே தெரியும், அத விடுங்க. பொண்ணுங்க ரெண்டு பேரும் ஹார்பர் பக்கம் தனியாத் தங்கிட்டாங்க, ஆம்பளைங்க எல்லாம் மேல மலைப்பக்க வீட்டுல. நீங்களும் கிறிஸ்டீனும் மியூசிக்கத் தவிர வேற ஒரு பேச்சும் பேசிக்கிறதில்ல. ஆனா டேப் ஓட ஆரம்பிச்சா அவங்க கீபோர்டுக்கு நீங்கதான் பேஸ் வாசிக்கணும், லீவு போட முடியாது, விவாகரத்து ஆன புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்து வேலை பாக்கிற மாதிரி.

இதுல 'யூ மேக் லவ்விங் ஃபன்'னு ஒண்ணு. கிறிஸ்டீன் எழுதினது, அப்போ அவங்க கூட இருந்த பேண்டோட லைட்டிங் டைரக்டர் கர்ரி கிராண்ட்டைப் பத்தி. உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அது என் நாயைப் பத்தின பாட்டுன்னு சொல்லிட்டாங்க. சண்டை வேண்டாம்னு சொன்ன பொய்தான், ஆனாலும் நாய்! கேட்டா சிரிப்பு வருது, அப்புறம் பாட்டைப் போட்டுக் கேட்டா சிரிப்பு நின்னுடுது. ஏன்னா சரணத்துல அந்த கீபோர்டு கெஞ்சிக் கொஞ்சி போகும்போது அடியில உங்க பேஸ் எங்கயும் முறைச்சுக்கல, பழி வாங்கல, தாளத்தை ஒட்டி ஜாலியா நடக்குது. அந்தப் பாட்டை டான்ஸ் ஆட வைக்கிறதே நீங்களும் டிரம்ஸ் வாசிக்கிற மிக் ஃப்ளீட்வுட்டும்தான் சார். எக்ஸ் ஒய்ஃப் புது ஆளுக்கு எழுதின பாட்டுக்கு இவ்ளோ பாசமா வாசிக்க யாருக்கு மனசு வரும்?

இதைவிடப் பெரிய கூத்து 'டோன்ட் ஸ்டாப்'. அது உங்களுக்காகவே எழுதினது, போனது போகட்டும், நாளைய நாளைப் பாருன்னு உங்களுக்குச் சொன்ன ஆறுதல். நீங்க அதை மேடைக்கு மேடை வாசிச்சிட்டே இருந்திருக்கீங்க, உங்களப் பத்தின பாட்டுன்னு ரொம்ப வருஷம் உறைக்கவே இல்லை, யாரோ சொல்லித்தான் உறைச்சுதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. 1992ல பில் கிளிண்டன் அதையே தேர்தல் பாட்டா எடுத்துக்கிட்டாரு, 1993 ஜனவரில அவர் பதவியேற்பு விழாவுக்குப் பிரிஞ்சு கிடந்த நீங்க அஞ்சு பேரும் சேர்ந்து வந்து வாசிச்சுக் குடுத்தீங்க. பொண்டாட்டி புருஷனுக்குச் சொன்ன ஆறுதல் ஒரு நாட்டுக்கே கோஷமாயிடுச்சு.

அப்புறம் 'தி செயின்'. இந்த ஆல்பத்துல அஞ்சு பேர் பேரும் போட்ட ஒரே பாட்டு இதுதான். கிறிஸ்டீன் வேற ஒரு பாட்டு வச்சிருந்தாங்க, அது சரியா வரல, முன்பாதிய வெட்டி வீசிட்டு கடைசித் துண்டை மட்டும் வச்சுக்கிட்டு, முன்னாடி ஸ்டீவியோட வரிகளையும் லிண்ட்சியோட கிட்டாரையும் சேர்த்து, டேப்பை பிளேடால அறுத்து ஒட்டின பாட்டு. அந்தக் கடைசித் துண்டுதான் உங்க இடம். மூணு நிமிஷம் எல்லாரும் கூடிக் கத்தி ஓஞ்சதும் பாட்டு முடிஞ்சு போன மாதிரி ஒரு இடைவெளி விழும், அப்ப நீங்க மட்டும் தனியா வருவீங்க. பத்தே நோட்டு, மேலேர்ந்து மெதுவா இறங்குது, கடைசி நோட்டை நிக்க விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து. அவசரமே இல்ல. அப்புறம் டிரம்ஸ் ஏறுது, லிண்ட்சி கிட்டார் ஒரே நோட்டைப் போட்டுக் குத்துது. 1978லேர்ந்து பிபிசிக்காரங்க ஃபார்முலா ஒன் ரேஸுக்கு இதைத்தான் தீம் மியூசிக்கா வச்சாங்க. உங்க பேர் தெரியாதவன்கூட அந்தப் பத்து நோட்டை வாயால பாடுவான். மத்தவங்க ஆளுக்கு மூணு நாலு பாட்டுல சொன்னதை நீங்க வார்த்தையே இல்லாம அங்க சொல்லிட்டீங்கன்னுதான் நான் எடுத்துக்கிறேன், நீங்க ஒத்துக்க மாட்டீங்க, ஏதோ வாசிச்சேன்பான்னு போயிடுவீங்க.

'ட்ரீம்ஸ்' ஒண்ணும் சொல்லணும். கிட்டத்தட்ட ரெண்டே கார்டுல (chord, சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டு) ஓடற பாட்டு, ஸ்டீவி பத்து நிமிஷத்துல எழுதினதாச் சொல்றாங்க. அமெரிக்காவுல இந்த பேண்டுக்கு நம்பர் ஒன் ஆன ஒரே பாட்டு. ரெண்டு கார்டு வச்சுக்கிட்டு நாலு நிமிஷம் போரடிக்காம நிக்கணும்னா கீழ இருக்கிறவன் கையைக் கட்டிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சவனா இருக்கணும். நல்ல இயர்போன்ல கேட்டா நீங்க வாசிக்கிறதைவிட வாசிக்காம விடற இடம்தான் காதுல விழும்.

டேப் கதையும் எனக்குப் பிடிக்கும். மாசக்கணக்கா ஓட்டி ஓட்டி டேப் தேய்ஞ்சு டிரம்ஸ் சத்தம் மங்கிப் போச்சு. நல்ல வேளை, முதல் ரெக்கார்டிங் அப்பவே இன்னொரு மெஷின்லயும் ஒரு காப்பி எடுத்திருந்தாங்க. ஒரு டெக்னீஷியன் ஹெட்போனை மாட்டி ஒரு காதுல பழசு, ஒரு காதுல புதுசுன்னு கேட்டு, கையால ஸ்பீடைத் திருகித் திருகி ரெண்டையும் ஒண்ணாக்கினாரு. அப்படித்தான் 1977 பிப்ரவரி 4ல ஆல்பம் வெளிய வந்துச்சு. அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல 31 வாரம் நம்பர் ஒன், அடுத்த வருஷம் கிராமி, இன்னிக்கு வரைக்கும் 4 கோடி காப்பிக்கு மேல வித்திருக்கு.

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பத்தி எழுதறாங்களே, 'ரூமர்ஸ்'னே வச்சிடலாம்னு பேர் வச்சது நீங்கதான்னு தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ரூம்ல எழுதாம கேட்டுட்டு இருந்தது நீங்கதானே, உங்களுக்குத்தான் அது தெரியும்.

கிறிஸ்டீன் 2022ல போயிட்டாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசை: அந்த நாய் கதையை நிஜமாவே நம்பினீங்களா, இல்ல நம்பின மாதிரி இருந்துட்டு வாசிச்சீங்களா?

இப்படிக்கு,
உங்க பேஸ் சத்தத்துக்காகவே பாட்டு கேட்கிற ஒருத்தன்

பி.கு: 1967ல கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன் இந்த பேண்டு ஆரம்பிக்கும்போது நீங்க இன்னும் சேரவே இல்ல, எப்படியாவது உங்கள இழுத்துடலாம்னு பேண்டு பேர்லயே உங்க மெக்வீயோட 'மேக்'கைச் சேர்த்து வச்சாரு. அப்பேர்ப்பட்ட ஆளை 'ரூமர்ஸ்' முன் அட்டையில காணோம், மிக்கும் ஸ்டீவியும் மட்டும் போஸ் குடுக்கறாங்க. மிக் இடுப்புல தொங்கற ரெண்டு மர உருண்டை ஏதோ ஒரு கிளப்போட டாய்லெட் செயின்லேர்ந்து அவர் பிடுங்கினதாம். டாய்லெட் உருண்டைக்குக் கிடைச்ச இடம் உங்களுக்குக் கிடைக்கலையே சார்!