சிம்கோ ஏரிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பெப்ரவரியில் குடும்ப தின விடுமுறைக்கு வன்கூவரிலிருந்து வந்து, உன் பள்ளிக்காலச் சிநேகிதியோடு சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடிக்கப் போவதாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷம். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். இதை அவளுக்கும் அனுப்பு. ஐஸில் உனக்கு அவளும் அவளுக்கு நீயும்தான் காவல். ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாமல் இறங்கக் கூடாது.

முதலில் இடம். சிம்கோ, ஒன்ராறியோவில் எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெரிய ஏரி. மேற்கே பாரி நகரத்தடியில் உள்ள கெம்பன்ஃபெல்ட் குடாதான் ஆழம் கூடிய பகுதி, 40 மீற்றர் வரை போகும். ஆழமான தண்ணீர் வெப்பத்தைக் கனநாள் வைத்திருப்பதால் அங்கே பிந்தித்தான் உறையும். லேக் ட்ரவுட்டும் வைற்ஃபிஷ்ஷும் அந்த ஆழத்து மீன்கள். அவற்றை இன்னொரு முறை பார்க்கலாம். நீங்கள் கெஸ்விக் பக்கம், குக்ஸ் குடாவுக்குப் போங்கள். ஆழம் குறைவு, முந்தி உறையும், அடியில் நீர்ச்செடி நிறைய. மஞ்சள் பேர்ச் கூட்டமாக நிற்பது அந்தச் செடிகளின் ஓரத்தில்தான்.

ஆனால் அந்தக் குடாவின் தெற்கு முனையில் ஹொலண்ட் ஆறு வந்து விழுகிறது. ஓடும் தண்ணீர் ஐஸை அடியிலிருந்து கரைக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆற்று வாயை விட்டு நன்றாக விலகியே நில்லுங்கள். படகுத்துறைகளுக்குக் கிட்டவும் போக வேண்டாம். கட்டைகளை ஐஸ் நெருக்கி உடைக்காமலிருக்கச் சில துறைகளில் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுவார்கள். அந்த இடம் சரியாக உறையாது.

ஐஸின் தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கறுப்பு நீலமாகத் தெளிந்து தெரிவதுதான் பலமான ஐஸ். பத்து சென்ரிமீற்றர் இருந்தால் ஓராள் நடக்கலாம் என்று பலர் சொல்வார்கள். செஞ்சிலுவைச் சங்கம் சொல்வது பதினைந்து. நீங்கள் பதினைந்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பனி மேலே விழுந்து உறைந்தால் வெள்ளையாக, பால் நிறத்தில் வரும். அதற்குப் பாதிப் பலம்தான். எட்டு சென்ரிமீற்றர் வெள்ளையும் எட்டு சென்ரிமீற்றர் தெளிவானதும் இருந்தால் கணக்கில் அது பன்னிரண்டுதான், திரும்பி வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, கால் வைக்கவே கூடாது. மேலே கனத்த பனி மூடிக் கிடந்தால் கடுங்குளிரிலும் ஐஸ் தடிக்காது, பனி போர்வை போலக் குளிரைத் தடுத்துவிடும். அதோடு பனியின் பாரத்தில் ஐஸ் அமிழ்ந்து, வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே வந்து சகதியாகும். சகதியைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

நாட்காட்டியை நம்பி இறங்க வேண்டாம். 2023–24 போலச் சூடான குளிர்காலம் வந்தால் பெப்ரவரி நடுவிலும் ஐஸ் உறுதியாக இராது. முதல்நாள் பின்னேரம் அங்கே ஐஸ் மேல் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விடுபவர்கள் இரண்டு பேருக்காவது தொலைபேசி எடுத்து, எந்தக் கரையில் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். அவர்கள் தினமும் அளப்பவர்கள். காற்று எந்தத் திசை என்பதையும் பாருங்கள். நீண்ட வெடிப்பு இருக்கும்போது கரையிலிருந்து ஏரிப்பக்கம் பலத்த காற்றடித்தால் ஐஸ் பாளமாகப் பிரிந்து ஆட்களோடு நகரும். அப்படியான நாளில் மீன் எவ்வளவு எடுபட்டாலும் போக வேண்டாம்.

நடக்கும்போது ஒருத்தி முன்னே, மற்றவள் பத்து மீற்றர் பின்னே. பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டு நடப்பதைக் குடிலுக்குள் வைத்துக்கொள்ளலாம். முன்னே போபவள் கையில் அலவாங்கு. இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்த வேண்டும். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஐம்பது அடிக்கு ஒருக்கால் துளைத்து அளந்து பாருங்கள். பதினைந்து மீற்றர் கயிறு பின்னே வருபவளிடம் இருக்கட்டும், சறுக்குவண்டியின் அடியில் புதைந்து கிடக்கக் கூடாது. இரண்டு பேரின் கழுத்திலும் ஐஸ் ஊசி தொங்க வேண்டும், பிடியில் கூர் ஆணி வைத்த சோடி அது. குளிர் அங்கிக்கு மேலே மிதவைச் சட்டையும் போடுங்கள்.

விழுந்தால் என்ன செய்வது? மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைத்துத் தள்ளும், அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பதறத் தேவையில்லை. வந்த பக்கம் திரும்பு, அந்தப் பக்க ஐஸ்தான் உன்னைத் தாங்கியது. ஊசியைக் குத்தி, கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறு. ஏறியதும் எழும்பி நிற்காதே, உருண்டு விலகு. மற்றவள் கிட்டப் போகக் கூடாது. 911 அழைத்து, படுத்தபடி கயிற்றை எறிய வேண்டும்.

சாமான்களுக்கு வருவோம். ஐஸைத் துளைக்கும் ஓகர், பேர்ச்சுக்கு ஆறு அங்குலம் போதும், கையால் சுற்றலாம். ஈர அலகில் ஐஸ் கட்டினால் அடுத்த துளை இறங்காது. அதை உதிர்க்க ஐஸில் தட்டுபவர்கள் உண்டு, தட்டினால் கூர் போய்விடும். துளைத்ததும் துடைத்து உறை போடு. துளையில் மிதக்கும் ஐஸ் தூளைக் கண்ணுள்ள அகப்பையால் அள்ளு. பத்துத் துளைகளை முதலிலேயே போட்டுவிட்டுப் பிறகு மீன் பிடியுங்கள். இடையிடையே துளைத்தால் ஆழம் குறைந்த இடத்தில் மீன் கலைந்துவிடும்.

தடி இரண்டு அடி போதும். தங்கூசி நான்கு இறாத்தல், முள் எட்டு அல்லது பத்தாம் இலக்கம், சிறிய டங்ஸ்டன் ஜிக், அதாவது முள்ளோடு சேர்ந்த உலோகக் குண்டு. ஈயத்தை விட டங்ஸ்டன் பாரம் கூட, சிறிய உருவிலேயே விரைவாக இறங்கும். இரைக்கு எமரல்ட் ஷைனர் என்ற சிறுமீனைக் கரையிலுள்ள கடையில் வாங்குங்கள். வேறு ஏரியிலிருந்து இரைமீன் கொண்டுபோக வேண்டாம். மிஞ்சியதைத் துளைக்குள்ளோ தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம், வாளித் தண்ணீரும் அப்படித்தான். ஏரிக்குப் புது நோயும் புது இனமும் வருவது இந்த வழியால்தான்.

ஜிக்கை அடிவரை விட்டு ஓரடி தூக்கு. நாலைந்து முறை மெல்ல ஆட்டி, பிறகு அசையாமல் பிடி. ஆட்டம் மீனைக் கூப்பிடும், நிற்கும்போதுதான் அது கடிக்கும். ஓயாமல் ஆட்டினால் பேர்ச் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒன்று ஏறினால் கீழே கூட்டம் நிற்கிறது என்று அர்த்தம், கழற்றியதும் உடனே திரும்ப இறக்கு. இருபது நிமிடம் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த துளை. தடி வளையத்தில் ஐஸ் கட்டினால் விரலால் உடைக்காதே, நுனி முறியும். நுனியைத் தண்ணீரில் ஒரு கணம் வைத்தால் கரைந்துவிடும். பேர்ச் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன், இருட்டியபின் கடிக்காது. ஆகவே வெள்ளன போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள்.

ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் உன் தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்குள், அது கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். குடும்ப தின வார இறுதியின் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் கனடாவில் வசிப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் உரிமம் தேவையில்லை. அரசு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அந்த நாட்களில் குறைந்த அளவுதான், ஆளுக்கு 25 பேர்ச்.

துணிக்குடில் ஏழு சதுர மீற்றருக்கு மேற்படாவிட்டால் பதிவு வேண்டாம். உள்ளே காஸ் அடுப்பு வைத்தால் மேலும் கீழும் காற்றுவழி திறந்திருக்க வேண்டும், பற்றரியில் ஓடும் காபன்மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். தலையிடி, ஓங்காளம், நித்திரை மயக்கம் ஒருத்திக்கு வந்தாலும் இருவரும் உடனே வெளியே வாருங்கள். கரி அடுப்பு எக்காரணம் கொண்டும் கூடாது.

பருத்தி உடுப்பு வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர்விக்கும், உள்ளே கம்பளி போடு. இரண்டு சோடி மேஸை இறுக்கிப் போட்டால் இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். தடித்த ஒரு சோடியும் விரல் அசையும் அளவு பெரிய சப்பாத்தும்தான் சூடு.

வீட்டுக்கு வரும்போது தோலை முழுக்க உரிக்க வேண்டாம். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும் என்பது விதி, ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கட்டும். பேர்ச்சின் செதில் கடினம், வீட்டில் அதைச் சுரண்டி மினக்கெடுவதை விட முள்ளெலும்பையும் தோலையும் விட்டுச் சதையை அரிந்து எடுப்பது சுகம். மஞ்சளும் உப்பும் எங்கள் தூளும் பிரட்டிப் பொரிக்கலாம். மெல்லிய சதை, குழம்புக்குள் போட்டால் கரைந்துவிடும்.

வெளிக்கிட முன்னம் எந்தக் கரை, கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று எழுதி அனுப்பு. காரை ஐஸில் இறக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியும் செய்தி வராவிட்டால் நான் 911 எடுப்பேன், அதனால் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக எனக்கு அழை. அவளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
அம்மா