சீகன்பால்கு என்ற பெயர்

அன்புள்ள ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் உன் மகள், தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் கிறிஸ்தவ மறைபணியாளரின் பெயரை நம் வழக்கப்படி ‘சீகன்பால்கு’ என்று சொல்லி யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் படித்த ஊரிலேயே இப்படியா என்று அவள் வருந்த வேண்டாம். ஜெர்மானியர் காதில் அது வேறு பெயர். Ziegenbalg என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய இசட் எழுத்துக்கு ‘ட்ஸ்’ ஒலி. ‘ட்’ என்று நாக்கை ஒட்டி, விடும்போதே ‘ஸ்’ வர வேண்டும். அடுத்து ஈகாரம், அழுத்தமும் அதில்தான். நடுவில் வரும் க, ‘தங்கம்’ என்பதில் வருகிற க. பிறகு ‘பல்க்’: ‘பஸ்’ என்பதில் வரும் ப, அகரம் குறில். கடைசியில் எழுதுவது ஜி எழுத்துதான். ஆனால் சொல்லின் இறுதியில் அதை ‘பக்கம்’ என்பதன் க் போல வல்லினமாகச் சொல்வார்கள். நாமோ ‘கு’ என்று மெலிக்கிறோம். ஆக, ட்ஸீகன்பல்க்.

பொருள் கேட்டாயே. ட்ஸீகெ வெள்ளாடு, பல்க் உரித்த தோல். ஆட்டுத்தோல் என்றுதான் அர்த்தம். கெர்பர் என்றால் தோல் பதனிடுபவர், முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர்; தொழிலை ஒட்டி வந்த குடும்பப் பெயர்கள் அங்கே ஏராளம். இதுவும் அந்த வகையாகவே படுகிறது. ஆனால் புல்ஸ்னிட்ஸ் ஊரிலிருந்த இவருடைய அப்பா தானிய வியாபாரி. தொழில் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொள்கிறது, பார்.

அவரோடு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சக மறைபணியாளர் ப்ளூச்சாவின் பெயர் இன்னும் கஷ்டம். நாம் ‘ளூ’ என்னும் இடத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்ல வேண்டும்!

அதற்காகத் தமிழில் எழுதுவதை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ட்ஸ் என்று தொடங்குவதும் ல்க் என்று முடிவதும் நம் வாய்க்குப் பொருந்தாது. குற்றியலுகரம் சேர்த்து ‘பால்கு’ என்று நிறுத்தியது தமிழ் இயல்பு. அந்த நெடில் மட்டும் தேவையில்லாதது. அதுவும் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்த மனிதர், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர். அவர் பெயர் தமிழ் உருவத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாலேயில் மட்டும் அவள் அவர்கள் வழக்கப்படி சொல்லட்டும்.

அப்புறம், அங்கே பிராங்கே அறநிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பார்க்க முடிந்தால் என்ன பார்த்தாள் என்று எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
கணேசன்