‘இன் ப்ரூஜ்’ பார்த்துவிட்டு இரண்டாகப் பிரிந்தவர்கள்

கோயம்புத்தூர்
ஞாயிறு

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போடச் சொல். சின்னவளுக்குக் காலேஜ் கிடைத்ததற்குத் தனியாக அவளுக்கே எழுதுகிறேன்.

மீதிப் பக்கம் முழுக்க நீ போட்டுக் காட்டிய ‘இன் ப்ரூஜ்’ ஆங்கிலப் படத்தின் திரையிடலில் நடந்த சண்டைதான். முன்வரிசைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தது, ரிட்டையர்டு தமிழாசிரியர் பாதியில் எழுந்து போனது, ‘குள்ளமான ஒரு மனிதரை வைத்து இத்தனை ஜோக்கா’ என்று ஒரு பெண் கேட்டது, ‘முதல் அரைமணி நேரம் சும்மா ஊர் சுற்றிப் பார்க்கிறார்கள், கதை எங்கே’ என்று இன்னொருவர் அலுத்துக்கொண்டது, எல்லாம் எழுதியிருக்கிறாய். 2008 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிட்டதிலிருந்தே இந்தப் படத்துக்கு இதே கதைதான். எழுதி இயக்கிய மார்ட்டின் மெக்டோனாவுக்கு அசல் திரைக்கதைக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. கதாநாயகனாக நடித்த கொலின் ஃபாரலுக்கு கோல்டன் குளோப் கொடுத்தார்கள். அது நகைச்சுவை, இசைப் படங்களுக்கான பிரிவில் வந்தது. ட்ரெய்லரையும் துப்பாக்கியும் கும்மாளமுமாக வெட்டியிருந்தார்கள். அதை நம்பி உள்ளே போனவர்களுக்கு முன்னால் தேவாலயத்தில் ஒரு குழந்தை செத்துக் கிடந்தது.

சாவை வைத்துச் சிரிக்கலாமா என்பதில்தான் உங்கள் கூட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது, அவரவர் மனசு. படத்துக்குள்ளேயே நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம்மைச் சிரிக்க வைத்த ஒவ்வொன்றுக்கும் இந்தப் படம் பிற்பாதியில் கணக்குத் தீர்க்கிறது, அநேகமாக ஒன்றையும் விடாமல். எனக்கு இந்தப் படம் இவ்வளவு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

எடுத்துப் பார். ரே, கென் என்று இரண்டு கூலிக் கொலையாட்கள். லண்டனில் ரேயின் முதல் வேலையே ஒரு பாதிரியாரைக் கொல்வது. பாதிரியாரைத் துளைத்த தோட்டா, பின்னால் பாவமன்னிப்புக்காகக் காத்திருந்த சிறுவனின் தலையில் பாய்கிறது. அந்தப் பையன் கையில் ஒரு சீட்டு, அவன் சொல்ல வந்த பாவங்களின் பட்டியல்: சிடுசிடுவென்று இருப்பது, கணக்குப் பாடத்தில் மோசம், சோகமாக இருப்பது. அதற்குப் பிறகு முதலாளி ஹாரி இருவரையும் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக்கு அனுப்பிவைக்கிறார்; அங்கே அவர் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் கொலை நமக்குத் தெரிவதற்கு முன்பே ஏறக்குறைய கால்வாசிப் படம் ஓடிவிடுகிறது. அதுவரை ரே முணுமுணுக்கிறான், ஊரைத் திட்டுகிறான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான், நாம் சிரிக்கிறோம். தேவாலயக் காட்சி வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் அந்த முணுமுணுப்பெல்லாம் ஒரு குழந்தையைக் கொன்றவன் தூக்கமில்லாமல் தவிப்பது. ‘கதை எங்கே’ என்றவரிடம் இதைச் சொல். அவர் அலுத்துக்கொண்ட அந்த அரைமணி நேரத்துக்குள்தான் கதை இருக்கிறது. அதை மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மெக்டோனா நாடகத்திலிருந்து வந்தவர். இரண்டு கொலையாட்கள் ஓர் அறையில் உத்தரவுக்காகக் காத்திருப்பது ஹெரால்ட் பின்டர் ‘தி டம் வெயிட்டர்’ நாடகத்தில் ஏற்கெனவே போட்டுக் காட்டிய அமைப்பு. மேடையில் காத்திருப்பதே நிகழ்ச்சி. சினிமாவில் அது ‘ஸ்லோ’ என்று பெயர் வாங்கிவிடுகிறது.

ப்ரூஜ் நகரத்தின் பெல்ஃப்ரி மணிக்கோபுரத்தைக் கவனித்தார்களா? 83 மீட்டர் உயரம், 366 படி. கென் மேலே போக ஐந்து யூரோ கட்டணம். பையிலிருந்த சில்லறையை எண்ணினால் பத்து சென்ட் குறைகிறது. டிக்கெட்காரர் விடமாட்டேன் என்கிறார். சின்ன ஜோக். கடைசியில் அதே கோபுரத்தின் உச்சியில், கழுத்தில் குண்டு பாய்ந்த கென், கீழே நிற்பவர்கள் விலகட்டும் என்று முதலில் சில்லறைக் காசுகளைக் கீழே போட்டுவிட்டுக் குதிக்கிறார். பருமனான அமெரிக்கக் குடும்பத்திடம் ரே ‘உங்களால் ஏற முடியாது’ என்று சொல்லி வம்பு இழுக்கிறானே, அது வெறும் கேலி என்று நினைத்திருப்போம். மறுபடி அங்கே போகும்போது கோபுரம் பூட்டியிருக்கிறது: அமெரிக்கர் ஒருவருக்கு மாரடைப்பு. உணவகத்தில் ரேயிடம் அடி வாங்கிய கனடாக்காரர், தப்பிப் போகும் ரயிலில் அவனை அடையாளம் காட்டி இறக்கிவிடுகிறார். ரே சுட்ட வெற்றுத் தோட்டாவால் ஒரு கண்ணை இழந்த எய்ரிக் (ரே அங்கே பழகும் க்ளோயி என்ற பெண்ணின் கூட்டாளி), ‘அவன் சதுக்கத்தில்தான் இருக்கிறான்’ என்று ஹாரியிடம் போய்ச் சொல்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஹாரியின் விதி. குழந்தையைக் கொன்றவன் உயிரோடு இருக்கக் கூடாது. தானே செய்திருந்தாலும் அந்த இடத்திலேயே சுட்டுக்கொண்டு செத்திருப்பேன் என்கிறார். கேட்கும்போது வாய்ச்சவடால் மாதிரி இருக்கிறது. முடிவில் அவர் சுட்ட தோட்டா ரேயைத் துளைத்துப் போய், சினிமா ஷூட்டிங்குக்காகப் பள்ளிச் சீருடை போட்டிருந்த குள்ளமான நடிகர் ஜிம்மி மேல் பாய்கிறது. தலை சிதறிப்போனதால் பார்ப்பதற்கு ஒரு சிறுவனின் உடல். ரே முனகுகிறான்: அந்தச் சின்னப் பையன். லண்டனில் சாகும்போது பாதிரியார் சொன்னதும் அதேதான். ஹாரி தன் விதிக்குத் தானே கட்டுப்படுகிறார். கூட்டத்தில் அந்தப் பெண் கேட்டதற்கு முழுப் பதில் இங்கே இல்லை. ஆனால் ஜிம்மியின் உருவத்தைப் படம் எதற்காக நம் கண்ணில் விடாமல் நிறுத்தியது என்பதற்குப் பதில் இருக்கிறது.

ஓட்டல் மாடிப்படிக் காட்சியை மட்டும் உன் கூட்டத்துக்குத் தனியாக இன்னொரு முறை போட்டுக் காட்டு. கீழே துப்பாக்கியோடு ஹாரி. மேலே அறையில் துப்பாக்கியோடு ரே. நடுவில் நிறைமாத கர்ப்பிணி மாரி, ஓட்டலின் பங்குதாரர்; நகரமாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று இரண்டு கொலைகாரர்களும் நின்று நிதானமாகப் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். ரே ஜன்னல் வழியாகக் கால்வாயில் குதிப்பான், ஹாரி சுற்றிக்கொண்டு ஓடிவருவார், அதற்கு முன்னால் சுடமாட்டேன் என்று சத்தியம் வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது யார் என்பதில் ஒரு சின்னக் குழப்பம். உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறாள் மாரி. ஒரு உயிரைக் காப்பதற்கு இத்தனை மரியாதை, அடுத்த நிமிடம் கொல்ல ஓடுவதற்கு அதே மரியாதை. யாரும் கண்ணடிக்கவில்லை, பின்னணி இசை ‘சிரியுங்கள்’ என்று தோளைத் தட்டவில்லை. ஹாரியாக நடிக்கும் ரால்ஃப் ஃபைன்ஸ் ஓர் அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல் பேசுகிறார். அவல நகைச்சுவை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: நடிகருக்குத் தான் சிரிப்புக் காட்டுகிறோம் என்று தெரிந்துவிடும், உடனே ஆபத்து போய்விடும், ஆபத்து போனால் சிரிப்பும் போய்விடும்.

எழுந்து போன ஆசிரியருக்கு வசவுகள் பொறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவரைக் குறை சொல்லமாட்டேன், வசவு உண்மையிலேயே ரொம்ப அதிகம். ஆனால் அது எல்லார் வாயிலும் ஒரே அளவில் இல்லை. ஹாரியை நாம் நேரில் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே அவர் சொன்ன செய்தியை மாரி தாளில் எழுதி வைத்திருப்பாள், ஒரு வசவு விடாமல். கோபத்தை அடக்கத் தெரியாத மனிதர் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடுகிறது. கென் பேச்சில் வசவு குறைவு, குரலும் ஏறாது.

எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. க்ளோயி பாத்திரம் அரைகுறை. ரேயை விரும்ப அவளுக்கு என்ன காரணம் என்று படம் யோசிக்கவே இல்லை. கனடாக்காரர் சரியாக அதே ரயிலில், அதே பெட்டியில் இருப்பது எழுத்தாளரின் சௌகரியம். ஜிம்மியைப் பற்றிய ஜோக்குகளில் பாதி, கதைக்கு வேண்டியதற்கு மேலே போகின்றன. கொக்கெய்ன் போதையில் இனவெறியோடு பேச வைத்து ஜிம்மியைப் பரிதாபப் பாத்திரமாக ஆக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனாலும் ரே உதிர்க்கும் கேலிகளில் சில வெறும் கேலிதான். அந்தப் பெண் கேட்டது சரி. அதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கியிருந்தால் சண்டை இவ்வளவு முற்றியிருக்காது.

இனி நடைமுறை விஷயம். ‘போகப் போக சப்டைட்டில் முந்திக்கொண்டது, நடிகர் வாய் திறக்கும் முன்பே சிரித்தார்கள்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, என்னைப் பொறுத்தவரை பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான். சப்டைட்டில் ஃபைல் நொடிக்கு 24 ஃபிரேம் பிரதிக்கு எழுதியதாக இருக்கும், நீ ஓட்டியது 23.976 பிரதி. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. 107 நிமிடப் படத்தில் அது கடைசியில் ஆறு நொடிக்கு மேல் போகும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. மாடிப்படிக் காட்சி வரும்போது எழுத்து ஐந்து நொடி முன்னால் நிற்கும். படித்துவிட்டவர்கள் முன்கூட்டியே சிரிப்பார்கள், அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்கு வசனம் கேட்காது, சாவுக் காட்சியில் போய் அந்தச் சிரிப்பு விழும். பார்க்கிறவர்களுக்குப் படம் இரக்கமில்லாததாகத் தெரியாமல் என்ன செய்யும்?

மொத்தமாக முன்னே பின்னே தள்ளி இதைச் சரிசெய்ய முடியாது; தொடக்கம் சரியானால் முடிவு கெடும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது. 24-இலிருந்து 23.976 என்று கொடு. பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஓட்டிப் பார். (25 ஃபிரேம் ஃபைல் என்றால் கடைசியில் நாலு நிமிடத்துக்கு மேல் முந்தும், அதை யாரும் தவறவிடமாட்டார்கள்.) ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு நொடிக்குக் குறையாமல், ஆறேழு நொடிக்கு மிகாமல் திரையில் நிற்கட்டும். முக்கியமாக, கேள்வியும் குத்தலான பதிலும் ஒரே கார்டில் (ஒரு தடவைக்குத் திரையில் வரும் எழுத்தில்) வந்தால் வெட்டி இரண்டாக்கு. பதில் கார்டு நடிகர் உதடு அசையும்போதுதான் வரவேண்டும்.

ஒலியையும் பார்த்துக்கொள். இரண்டே ஸ்பீக்கர் உள்ள ஹாலில் 5.1 டிராக்கை (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலியை) அப்படியே விட்டால் வசனம் அமுங்கிப்போகும், துப்பாக்கிச் சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். பிளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்று. ஐரிஷ் உச்சரிப்பு ஏற்கெனவே நம் காதுக்குக் கஷ்டம்.

இடைவேளை விடாமல் இருந்தால் நல்லது. டீக்காரருக்காக விட்டே ஆகவேண்டும் என்றால் பூங்காக் காட்சிக்கு முன்னால் விடாதே. ஹாரியின் உத்தரவுப்படி ரேயைச் சுடப் பின்னால் போகும் கென், ரே தன்னையே சுட்டுக்கொள்ளப் போவதைப் பார்த்துத் தடுக்கிறாரே, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மௌனம் டீ குடித்துவிட்டு வந்தால் திரும்பக் கிடைக்காது. ரயில் கிளம்பி, கென் ஹாரிக்கு ஃபோன் செய்து முடிக்கும் இடம் பொருத்தம். அங்கே கதையே ஒரு மூச்சு விட்டு நிற்கிறது.

அறிமுக உரையில் ‘காமெடி’ என்று சொல்லாதே, ‘உலகத் தரம்’ என்றும் சொல்லாதே. குழந்தை ஒன்று சாகும் படம், வசவு நிறைய இருக்கும் படம் என்று நோட்டீஸிலேயே போட்டுவிடு. ஆசிரியர் வரலாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

சப்டைட்டில் ஃபைலை எனக்கு அனுப்பு, கார்டுகளை நான் வெட்டித் தருகிறேன். அடுத்த மாதம் என்ன படம் என்பதையும் எழுது. அம்மாவை நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜாராம்