வயிற்றில் விழும் ஊமைக்காயம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகளைப் பற்றித் தங்கள் இதழில் வரும் கட்டுரைகள் தலைக்காயத்தையும் தலைக்கவசத்தையும் விரிவாகப் பேசுகின்றன. அது வேண்டியதுதான். ஆனால் தோல்கூடக் கிழியாமல் வயிற்றில் விழும் ஊமைக்காயத்தைப் பற்றி எங்கும் பேச்சே இல்லை. அரசு மருத்துவமனைகளில் 30 ஆண்டுகள் அறுவை மருத்துவனாக இருந்த நான் இதை எழுதாவிட்டால் மனம் ஆறாது.

பதினோரு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளோடு விழுந்தான். ஹேண்டில்பாரின் ரப்பர் உறை கழன்றிருந்ததால், இரும்புக் குழாயின் முனை தொப்புளுக்கு மேலே குத்தியது. முதலில் பார்த்த இடத்தில் ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா திட்டுவார் என்று அவனும் வலியை மறைத்திருக்கிறான். மூன்றாம் நாள் என்னிடம் தூக்கிவந்தபோது வயிறு பலகைபோல் இறுகியிருந்தது, நாடி 140. தோலில் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டமாக ஒரு கன்றல், அவ்வளவுதான் வெளிக்காயம். உள்ளே, சிறுகுடலின் தொடக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிழைத்துக்கொண்டான், ஆனால் ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தான்.

அடி விழும் கணத்தில் குடல் முதுகெலும்போடு நசுங்குகிறது. அல்லது இரு பக்கமும் அடைபட்டு, உள்ளிருக்கும் காற்றும் நீரும் அழுத்துவதால் பலூன்போல் வெடிக்கிறது. காரில் சீட் பெல்ட் இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றின்மேல் ஏறியிருந்தாலும் இதே கதிதான். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் இன்னும் மோசம்: அந்தப் பகுதி ரத்தமின்றிக் கறுத்து, சில நாள் கழித்தே ஓட்டையாகும்.

அவசரப் பிரிவில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் முக்கியமாக வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்றே தேடுகிறது. கல்லீரல், மண்ணீரல் கிழிந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். குடலின் சிறிய ஓட்டையைத் தவறவிடும். சி.டி. ஸ்கேனும் முழு உத்தரவாதம் அல்ல. அமெரிக்காவில் 95 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், அடிபட்டுச் சிறுகுடல் ஓட்டையானவர்களில் 13 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன் எடுத்த சி.டி. இயல்பாகவே இருந்தது. ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடுமானவரை அதே மருத்துவரே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. குடல் காயம் வெளிப்படுவதும் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்தான். வயிற்றில் பெல்ட் தடமோ ஹேண்டில்பார் தடமோ உள்ள எவரையும், ஸ்கேன் இயல்பாக இருந்தாலும், ஒரு நாளாவது உள்நோயாளியாக வைத்துக் கவனிப்பதை நடைமுறையாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு துண்டுச்சீட்டும் தர வேண்டும். வலி கூடினாலோ, வாந்தி, காய்ச்சல், வயிற்று உப்பல் வந்தாலோ உடனே திரும்பி வரவும். வரும் வழியில் சோடா, கஞ்சி எதுவும் கொடுக்க வேண்டாம். இந்த இரண்டு வரி அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்,
திண்டுக்கல் மாவட்டம்.